வலியோடு ஓடுவது வீரமா?

ஆண்டின் முதல் மாதங்களில் வன்னியின் பாடசாலைகளிலே இல்ல விளையாட்டுப் போட்டிகள் ஆரம்பமாகிவிடும். அவற்றுக்கு முன்னோடியாக ஒரு நாள் மரதன் ஓட்டமும் நடைபெறும். முழு மரதன் 42.195 கிலோமீற்றர் என்றாலும், நம் பிள்ளைகள் வீதியிலே ஓடும் சில கிலோமீற்றர் தூரத்துக்கும் நாம் அதே பெயரைச் சூட்டிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு விழாவுக்குப் பிரதம விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தேன். கடைசி அரைக் கிலோமீற்றரில் ஒரு மாணவன் நொண்டியபடியே ஓடி வந்தான். வீதியோரமெங்கும் அவனுடைய இல்லத்தின் பெயரைச் சொல்லி ஆரவாரம். மூன்றாவதாக வந்து விழுந்தான். என் உரையிலே, “வலியை வென்ற இந்தத் தம்பியைப் பாருங்கள், வாழ்விலும் இப்படியே ஓட வேண்டும்” என்று சொன்னேன். பலத்த கைதட்டல்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்தபின் அவனுடைய தாய் என்னிடம் வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வெடிப்பு. மூன்று மாதம் ஓடக்கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். “மூண்டு கிழமையா நோகுது எண்டு சொன்னவன், பாதர். ஓடாட்டி இல்லத்துக்கு வெட்கம் எண்டு ஓடினவன். நீங்களெண்டாலும் அவனை மறிச்சிருக்கலாம்.” அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. கைதட்டியவர்களில் முதல்வன் நானல்லவா?

வீரம் என்பதுதான் என்ன? கோழைத்தனத்துக்கும் மூர்க்கத்துக்கும் நடுவே உள்ளது வீரம் என்றார் கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில். அஞ்ச வேண்டியதற்கும் அஞ்சாதவனை அவர் வீரன் என்று அழைக்கவில்லை. புனித அக்குவினாஸ் தோமையாரோ, தாக்குவதைவிடத் தாங்குவதே வீரத்தின் தலையாய செயல் என்றார். விவேகமே ஏனைய நற்பண்புகளுக்கு வழிகாட்டி என்றும் கற்பித்தார். தாங்குதல் என்றால் வலியைத் தாங்குதல் மட்டுந்தானா? மற்றவர்கள் ஓடும்போது வீதியோரத்தில் அமர்ந்திருப்பதையும், “பயந்துவிட்டான்” என்ற ஏளனத்தையும் தாங்குவது இன்னும் கடினமல்லவா?

நம் உடலின் அமைப்பே இதற்குச் சான்று பகர்கிறது. ஒழுங்காக ஓடத் தொடங்கியவனுக்குச் சில வாரங்களிலே மூச்சு இலகுவாகிவிடும், இருதயம் வலுப்பெறும். எலும்பும் தசைநாரும் பலப்படுவதற்கோ மாதங்கள் வேண்டும். ஓட்டத்தினால் தேய்வுற்ற எலும்பை உடல் முதலில் அரித்து அகற்றிவிட்டுத்தான் அந்த இடத்திலே புதிய எலும்பை வைக்கிறது. இடைப்பட்ட காலத்திலே அந்த இடம் முன்னையிலும் பலவீனமாக இருக்கும். “இன்னும் ஓடு” என்று மூச்சு சொல்லும் அதே நாட்களில், “பொறு” என்று எலும்பு சொல்கிறது. இளைஞனுக்கு மூச்சின் குரல்தான் கேட்கிறது.

ஆகவே ஓட விரும்புகிறவன் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பெரும்பாலான நாட்களில், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டு போகக்கூடிய வேகமே போதும். கடும் பயிற்சி செய்த மறுநாள் இலகுவான நாளாக இருக்கட்டும். பயிற்சிக்குப் பின் தசைகளில் பரவலாக எழுந்து இரண்டொரு நாளில் மறையும் நோவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் நோவதும், ஓட ஓடக் கூடுவதும், இரவில் படுத்த பின்னும் விடாதிருப்பதும் வேறு. அதைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் போக வேண்டும்.

வெயிலின் காரியம் இதனினும் பெரிது. 2024 மார்ச் மாதத்தில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அந்தத் துயரத்தின் முன் யாரையும் குற்றஞ்சாட்ட நான் எழுதவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஓடாத பிள்ளையை ஒரே காலையில் பல கிலோமீற்றர் ஓடச் சொல்லுகிறோமே, அதை நாம் சிந்திக்க வேண்டாமா? ஓட்டம் வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். தாகத்துக்கேற்பத் தண்ணீர் வேண்டும். அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் தீங்கே. தலைசுற்றல், நெஞ்சுவலி, தடுமாறிய பேச்சு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, வெப்பத்தால் துவண்டவனாயின் உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

ஒருவர் கேட்கக்கூடும்: “சிலுவையைச் சுமக்கக் கற்பிக்கும் நீங்களே வலிக்கு அஞ்சச் சொல்லலாமா?” நியாயமான கேள்வி. 2009இல் இந்த மண்ணிலே, காயம்பட்ட கால்களோடு பிள்ளைகளைச் சுமந்து நடந்த தாய்மாரை நாம் அறிவோம். அவர்களிடம் “நில்” என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? அவர்கள் நின்றிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். வலிக்கு மதிப்பைத் தருவது, அது யாருக்காக, எதற்காக என்பதே. ஒரு சான்றிதழுக்காகக் காலை முறிப்பது தியாகமாகாது. போரிலே கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் வன்னியிலே, ஒரு காலின் அருமையை எவரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புனித சின்னப்பர் ஓட்டப்பந்தயத்தை உவமை காட்டிக் கொரிந்தியருக்கு எழுதியபோதும், ஓடுபவனுடைய தன்னடக்கத்தையே எடுத்துச் சொன்னார். தன்னடக்கம் வேறு, தன்னை அழித்தல் வேறு.

ஒலிம்பிக் போட்டியில் சிறுவனாகவும் வென்று, வளர்ந்த பின்னும் வென்றவர்கள் இரண்டு மூன்று பேரே என்று அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலில் எழுதினார். இளமையிலே சுமத்தப்பட்ட கடும் பயிற்சி அவர்களுடைய வலிமையை உறிஞ்சிவிட்டது என்பதே அவர் காட்டிய காரணம். இதற்கு எதிர்ப்புறமாக நம்மிடையே ஒருவரை நினைத்துப் பாருங்கள். முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையைச் சேர்ந்த திருமதி அகிலத்திருநாயகி அவர்கள் 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 72. அந்த வயதிலும் ஓடும் கால்கள் ஒரே காலையில் உண்டாவதில்லை. ஒரே காலையில் செலவழித்துவிட வேண்டியவையுமல்ல.

அமெச்சூர் என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலே அன்பு செய்பவன் என்று பொருள்படும். ஓட்டத்தின் மேல் உள்ள அன்பினால் ஓடுபவனே அமெச்சூர். அன்பு செய்பவன் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை உடைப்பானா?

பெற்றோரே, ஆசிரியர்களே, நிறுத்தும் துணிவைப் பிள்ளையிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று. வீதியோரத்தில் நிற்கும் நாம் எதற்குக் கைதட்டுகிறோமோ, அதையே வீரமென்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. “நோகுது” என்று சொல்லி ஒதுங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், அந்த இல்லத்துக்கு என்ன வெட்கம்?

அந்தத் தம்பி மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறான். இன்னொரு முறை அவன் நொண்டி வருவதைக் கண்டால் நான் மேடையில் இருக்கமாட்டேன். வீதியில் இறங்கி மறிப்பேன். அவனுடைய தாய்க்கு அன்று சொல்லாத பதில் இதுதான்.