உதவித்தொகை: தானமா, கடனா?

நம் முன்னோர் இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். பசித்தவர்க்கு உணவும், நோயுற்றவர்க்கு மருந்தும், கற்க விழைவோர்க்கு நூலும், அஞ்சியவர்க்கு அடைக்கலமும் அளித்தல் நம் கடமை. சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும், ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் சமணச் சான்றோர். இருவரும் தத்தம் அறநூலுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். வேரும் சரக்கும் உடற்பிணி தீர்ப்பதுபோல் நூல் உளப்பிணி தீர்க்கும் என்பது அவர்தம் கருத்து. ஆதலின், ஏழை மாணவர் ஒருவரை மருத்துவம் படிக்க வைக்கும் உதவித்தொகையில் சாத்திர தானமும் ஔடத தானமும் ஒருங்கே அமைகின்றன. இதில் ஐயமில்லை. ஐயம் எழுவது வேறோர் இடத்தில். கொடுத்தவர் பெற்றவரிடம் எதையேனும் கேட்கலாமா?

இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. நம் பிழையிலிருந்து எழுந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று, நீட் தேர்விலும் தகுதி பெற்ற மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020ஆம் ஆண்டு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பெற்ற பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. அதன் பின்னர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண்ணொருத்திக்கு இவ்வொதுக்கீட்டில் இடம் கிடைத்தது. வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். தந்தை ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலி. தாய் பசுமைக் குடிலில் ரோசாப்பூ வெட்டுபவர்.

நாம் அங்கம் வகித்த சிறு உதவிக்குழு ஒன்று அவளுக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தது. விழா, மேடை, சால்வை யாவும் ஏற்பாடாயின. “படிப்பு முடிந்ததும் இவ்வூரிலேயே பணியாற்றுவேன், பெற்ற உதவியைப் பிறருக்குத் திருப்பிச் செய்வேன்” என்று ஓர் உறுதிமொழிப் படிவமும் தயாராயிற்று. அவ்வாசகத்தை எழுதியவர் நாமே. படிவத்தைக் கையில் வாங்கிய தந்தை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், “வட்டி எவ்வளவுங்க, டீச்சர்?” என்று கேட்டார். மகள் தலைகுனிந்து நின்றாள்.

அவர் அறியாமையால் கேட்டார் என்றே அன்று எண்ணினோம். வீடு திரும்பிய பின்னரே, அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார் என்பது விளங்கிற்று. கையொப்பம் வாங்கி, திரும்பப் பெறும் நாளும் குறித்துவிட்டால் அது கடனன்றி வேறென்ன?

இங்கே மறுப்புக் கூறுவோர் உண்டு. அவர்தம் கூற்று தள்ளத்தக்கதும் அன்று. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். கடும் நோய் கண்டால் நம் பகுதி மக்கள் நிம்ஹான்சையும் கித்வாய் மருத்துவமனையையும் நாடி எல்லை தாண்டுகின்றனர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் நோயாளியின் சொல்லைப் புரிந்துகொள்ளும் மருத்துவர் இங்கேயே வேண்டும் என்று விரும்புவது தவறாகுமா? அரசும் பட்ட மேற்படிப்பு மருத்துவரிடம் பணி ஒப்பந்தம் பெறுகின்றதே என்றும் கேட்கின்றனர். விருப்பம் தவறன்று. ஆனால் அரசின் நிபந்தனை அனைவர்க்கும் பொதுவாய், முன்னரே அறிவிக்கப்பெற்றது. நாம் கேட்டதோ, மறுக்க இயலாத நிலையில் மேடையருகே நின்ற ஒரு பெண்ணிடம்.

மேலும், கொடையின் பயன் எங்கே சென்று சேரும் என்பதைக் கொடுப்பவர் முன்கூட்டி அறிய வல்லரோ? முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஆண்களே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்வதற்கு அந்நாட்டு மன்னர் எதிர்ப்பையும் மீறி இடமளித்தார், உதவித்தொகையும் வழங்கினார். அம்மையார் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். சட்டமன்றம் சென்றார், ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் கண்டார், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமானார். “புதுக்கோட்டையிலேயே பணியாற்றுக” என்று கையொப்பம் வாங்கியிருந்தால், அவ்வூருக்கு ஒரு நல்ல மருத்துவர் கிடைத்திருப்பார். நாட்டுக்கு இத்தனையும் கிடைத்திருக்குமோ, ஐயமே. 1928இல் மறைந்த மன்னர் அம்மருத்துவமனையைக் காணவில்லை. கொடை மட்டும் போய்ச் சேர்ந்தது.

தானத்தின் சிறப்பு நான்கினால் வேறுபடும் என்பது உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் கூறும் கருத்து: கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர். இவற்றுள் முறையே முதலில் நிற்பதை நோக்குக. நாம் பொருளைப் பார்த்தோம், பெறுபவரின் தகுதியை ஆராய்ந்தோம், முறையை மறந்தோம். கொடுத்த பின்னரும் “இவள் நம்மால் படித்தவள்” என்று பற்றிக்கொண்டிருப்பதும் ஒருவகைப் பரிக்கிரகமே. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதன்று. கொடுத்த பெருமைக்கும் உரியது.

அப்படியாயின் பெற்றவர்க்குக் கடமையே இல்லையா? உண்டு. நன்றி மறவாமை பெற்றவரின் அறம். அதை நினைவூட்டாமை கொடுத்தவரின் அறம். ஒருவர் அறத்தை மற்றவர் பறித்துக்கொள்ளலாகாது. அவள் தானே மனம் உவந்து திரும்பி வருவாளாயின் அது அவளது புண்ணியம். நாம் எழுதி வாங்கினால் அப்புண்ணியத்திலும் அவளுக்குப் பங்கில்லை.

எனவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவப் படிப்பு, பயிற்சி ஆண்டும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். கல்விக் கட்டணத்துக்கு வழி பிறந்தாலும், விடுதி உணவுக்கும், விலைமிக்க ஆங்கில நூல்களுக்கும், ஊருக்கு வந்து செல்லும் பேருந்துக்கும் மாதந்தோறும் பணம் வேண்டும். முதலாண்டில் மாலையிட்டு இரண்டாமாண்டில் மறந்துபோவதே வழக்கமாயுள்ளது. சிறு தொகையாயினும் படிப்பு முடியும்வரை தவறாது அவர்தம் வங்கிக் கணக்கிலேயே சேர்ப்பியுங்கள். மேடை வேண்டா, படிவம் வேண்டா. உறுதிமொழி எழுதத்தான் வேண்டுமெனில், கொடுப்பவர் எழுதட்டும்: “இடையில் நிறுத்தமாட்டேன்” என்று.

அந்தப் படிவத்தை நாம் கிழித்துவிட்டோம். அடுத்த மாதத் தொகையைச் செலுத்திய பின்னர் அத்தந்தையைக் கண்டு, “வட்டியும் இல்லை, முதலும் இல்லை, ஐயா” என்று கூறினோம். அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை. மாதந்தோறும் தொகை தவறாது போய்ச் சேர்ந்தால் ஒருநாள் நம்புவார்.

வாழ்க அறம்!