ஏறியவரும் ஏணியும்

பத்தாம் வகுப்பு மாணவர்க்கு அமெரிக்க நாடு பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். 1776 சூலைத் திங்கள் 4-ஆம் நாள், பிரிட்டிஷ் மணிமுடியை உதறித் தள்ளிய பதின்மூன்று குடியேற்றங்கள், மாந்தர் அனைவரும் சமம் என்று உலகறிய முழங்கின. அம்முழக்கத்தை எழுத்தில் வடித்தவர் தாமஸ் ஜெபர்சன் என்றோம். அந்த ஜெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளைத் தம் உடைமையாக வைத்திருந்தார் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "அப்படியானால் அவர் எழுதியது பொய்தானே, ஐயா?" என்றான்.

மணி அடித்தது. மணி நம்மைக் காப்பாற்றியது என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று நம்மிடம் விடை இல்லை.

அவர் காலம் அப்படி, அன்றைய மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று பரிந்து பேசுவோர் உண்டு. நல்லது, அன்றைய அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். 1777-இலேயே வெர்மான்ட் மக்கள், வயது வந்தோரை அடிமையாக வைத்திருப்பதைத் தம் அரசியல் சட்டத்தில் தடுத்துவிட்டனர். 1780-இல் பென்சில்வேனியா, அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்தது. 1791-இல், கோள்களின் போக்கைக் கணிப்பதில் வல்லவரான பெஞ்சமின் பானேக்கர் என்ற கருப்பர், ஜெபர்சனுக்கே மடல் எழுதி, உமது சொல்லுக்கு நீரே மாறாக நடக்கலாமா என்ற பொருள்படக் கேட்டார். மரியாதையான மறுமொழி வந்தது, மாற்றம் வரவில்லை. 1826-இல் ஜெபர்சன் மறைந்தார். அவர் வைத்துச் சென்ற கடனை அடைக்க, அடுத்த ஆண்டே ஏறத்தாழ 130 அடிமைகள் ஏலம் போடப்பட்டனர். தாயொரு பக்கம், சேயொரு பக்கம்! அறியாமல் செய்தார் என்ற வாதம் இனி நிற்குமா? அறிந்தே செய்தார்.

ஆனால், சொன்னவன் தவறியதால் சொல்லே பொய்யாகிவிடுமா? நம் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியைப் பாருங்கள். பூட்டிக் காக்க அவன் குடிசையில் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். அதனால் அவன் செய்த பூட்டு பூட்டாமல் போவதில்லை! ஜெபர்சன் எழுதிய சொல்லை அவருடைய அடிமைகளின் பிள்ளைகள் எடுத்துக்கொண்டனர். அச்சொல் கடல் கடந்தும் வந்தது. 1873-இல் மராட்டியத்தில் சோதிராவ் பூலே, தம் 'குலாம்கிரி' நூலை, கருப்பரின் அடிமைத்தளையை அறுத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார் என்றால், எங்கோ எழுதப்பட்ட சொல் இங்கே சூத்திரன் செவியில் விழுந்துவிட்டது என்பதுதானே பொருள்?

நம் பக்கத்தையும் பார்ப்போம். 1801 மார்ச்சில் ஜெபர்சன் குடியரசுத் தலைவரானார். தோற்ற கட்சி வென்ற கட்சியிடம் ஆட்சியை அமைதியாக ஒப்படைத்தது. அதே ஆண்டில், கும்பினியை எதிர்த்துக் கூட்டணி கண்ட விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர், இதே திண்டுக்கல்லில் தூக்கிலேற்றப்பட்டார். அவ்வாண்டு சூன் 16-ஆம் நாள், திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கத்திலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. வெள்ளையனை எதிர்த்து எழுந்த அந்த வீரத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும், அந்த அறிக்கை மக்களை எப்படி விளித்தது? பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று வரிசையிட்டு விளித்தது. நாட்டைக் காக்க அழைக்கும் போதும் வருணத்தின் படி மாறவில்லை. நால்வருணத்துக்கும் வெளியே தள்ளப்பட்டவனுக்கு அந்த வரிசையில் தனியிடமும் இல்லை.

அமெரிக்கரோ ஏணியை மறைத்து வைத்தனர். 1787-இல் அவர்கள் வரைந்த அரசியல் சட்டம், அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டது. ஆனால் 'அடிமை' என்ற சொல்லை மட்டும் எழுதாமல் சுற்றி வளைத்தது. இரண்டில் எது மேல்? மறைத்தவனுக்குச் சிறிது வெட்கம் இருந்தது என்றாவது கொள்ளலாம். வெட்கப்படுபவனோடு வாதாட முடியும். ஏணியே இயற்கை என்று எண்ணுபவனோடு எதை வாதாடுவது?

ஆனால் வெட்கம் தானாக வளர்ந்து நீதியாகிவிடும் என்று நம்பியிருந்தவர் ஏமாந்தனர். நியூஜெர்சியில் 1776 முதல், சொத்துடைய பெண்களும் கருப்பரும் வாக்களித்து வந்தனர். 1807-இல் அவ்வுரிமையைப் பறித்து, வரி செலுத்தும் வெள்ளை ஆடவருக்கு மட்டும் என்றாக்கினர். 1821-இல் நியூயார்க், வெள்ளையருக்கிருந்த சொத்துத் தகுதியைத் தளர்த்தியது. அதே கையால், கருப்பன் வாக்களிக்க 250 டாலர் சொத்து வேண்டும் என்று எழுதியது. 1838-இல் பென்சில்வேனியா 'வெள்ளையர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தது; கருப்பர் அனைவரும் வெளியே! கூர்ந்து நோக்குங்கள் தோழர்களே. ஏழை வெள்ளையன் பண்ணையாருக்கும் வணிகருக்கும் சமமாக எழுந்து நின்ற அதே பொழுதில்தான் கருப்பனின் முகத்தில் கதவு சாத்தப்பட்டது. நேற்றுவரை வாசலில் நின்றவன், உள்ளே நுழைந்ததும் தாழிட்டான். மாணவனின் வினாவுக்கு உரிய இடம் ஜெபர்சனின் மாளிகை அன்று, இந்த வாசல்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த வாசல் நமக்கும் உண்டு. 1921-இல், நீதிக்கட்சி ஆட்சியின்போது, சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. எனினும் அன்று வாக்கு, சொத்தும் வரியும் உடையோர் வீட்டுப் பொருள். வயது வந்த எவருக்கும் வாக்கு என்ற நிலை குடியரசின் அரசியல் சட்டத்தால் வந்து, 1952-இல் முடிந்த முதற் பொதுத்தேர்தலில் செயலாயிற்று. அப்போதும், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிந்து, சொந்தப் பெயர் சொல்லாத பெண்கள் ஏறத்தாழ 28 இலட்சம் பேர், பெரும்பாலும் வடபுலத்தில், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்.

அது வடக்கு என்று நாம் நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் – இவை 1985 வரை திண்டுக்கல்லும் அடங்கியிருந்த அதே மதுரை மாவட்டத்து ஊர்கள். 1996-இல் அங்கே ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு அந்த நாற்காலி நிரம்பவில்லை. மனுச் செய்ய ஆளில்லை; செய்தாலும் வென்றவுடன் பதவி விலகல்! 2006-இல்தான் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பொறுப்பில் நிலைத்தனர். மேலவளவில் தேர்தலில் வென்று தலைவரான முருகேசனும் உடன் வந்தோரும் 1997 சூன் 30-ஆம் நாள் பேருந்தில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டனர். 2020-இல் கடலூர் மாவட்டத் தெற்குத்திட்டையில், மற்றவர் நாற்காலியில் இருக்க, ஊராட்சித் தலைவரான பெண் தரையில் அமர்ந்திருந்த படம் ஏடுகளில் வந்தது.

இவற்றையெல்லாம் செய்தவர் யார்? அக்கிரகாரத்தார் அல்லர். நேற்றுவரை சூத்திரர் என்று இழிக்கப்பட்டவர். மேலே இருப்பவனை நோக்கி 'சமம்' என்று கை உயர்த்தியவர். அந்த முழக்கத்தால் நாமும் உயர்ந்தோம், படித்தோம், பதவி பெற்றோம். மேல்நோக்கிக் கேட்கும் சமத்துவத்துக்குக் கைத்தட்டல் கிடைக்கும். கீழ்நோக்கிக் கொடுப்பதற்கு வீட்டுக்குள் சண்டை கிடைக்கும். அந்தச் சண்டையை நம்மில் எத்தனை பேர் போட்டோம்?

பொய்யாய்ப் போன ஏட்டை என்ன செய்வது என்பதிலும் இரு வழி கண்டனர் பெரியோர். 1854 சூலை 4-இல் மாசசூசெட்ஸில் வில்லியம் லாயிட் கேரிசன், அடிமை முறைக்குக் காவலென்று கூறி அரசியல் சட்டத்தைக் கொளுத்தினார். 1957 நவம்பர் 26-இல் பெரியார் அழைக்க, சாதிக்குக் காவலான பிரிவுகளைக் கொளுத்திப் பல்லாயிரவர் கைதாயினர். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸோ, கேரிசனின் தோழராயிருந்தும், அதே ஏட்டை விடுதலைக்குக் கருவியாக்கலாம் என்று 1851-இல் மாறி நின்றார். அம்பேத்கர் அதை ஆக்கிய குழுவின் தலைவர். எரிக்கவும் முதல் ஆளாய் நிற்பேன் என்று 1953-இல் மாநிலங்களவையில் சொன்னவரும் அவரே! எரித்தவரும் எடுத்தாண்டவரும் அச்சொல்லை மெய்யென மதித்தவர்கள். மாலையிட்டு மாடத்தில் வைத்துவிட்டு மறந்தவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

மறுவாரம் வகுப்பில் இவற்றைச் சொன்னோம். பின்னர் ஒரு வேலை தந்தோம்: அவரவர் ஊராட்சி அலுவலகத்தில் பலகையில் யார் பெயர் இருக்கிறது, நாற்காலியில் யார் அமர்கிறார் என்று பார்த்து எழுதி வாருங்கள் என்றோம். ஏறக்குறைய எல்லோரும் எழுதி வந்தனர். 'பொய்தானே' என்று கேட்டவன் குறிப்பேட்டில் மட்டும் முதல் வரி இருந்தது. இரண்டாம் வரி இல்லை. அருகழைத்துக் கேட்டோம். நெடுநேரம் பேசாமல் நின்றான்.

"நாற்காலியில் உட்காருவது என் பெரியப்பா, ஐயா" என்றான்.