தகரத்தில் குத்திய எண்

காதர்பேட்டையில் லேபிள் வெட்டாத பனியனுக்கு ஒரு விலை, வெட்டியதற்கு ஒரு விலை. துணி ஒன்றுதான், தைத்த கையும் ஒன்றுதான். எக்ஸ்போர்ட்டில் தள்ளிய செகண்ட்ஸைப் பத்து வருஷமாகப் பண்டல் கட்டுகிறவன் நான். புத்தகத்துக்கும் இந்தக் கணக்கு உண்டென்று போன மழைக்காலத்தில்தான் தெரிந்தது.

பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' கிடைத்தது. கொங்கு மண்ணிலிருந்து மலாயாவுக்குப் போன வேளாளக் குடும்பத்தில் வளர்ந்த பெண்ணின் தன்வரலாறு. முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று எழுதி ஒரு கையெழுத்து. ஆசிரியரே போட்டது என்று வியாபாரி சாதித்தார். அதனால் மூன்று மடங்கு விலை. கொடுத்து வாங்கினேன். நல்ல புத்தகம். படித்து முடித்ததும் ஒரு வயிற்றெரிச்சல் வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்களும்தானே கடல் தாண்டினார்கள்?

என் அம்மாயியின் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அங்கே போனவர்களில் பறையரும் பள்ளரும் சக்கிலியரும்தான் அதிகம். தோட்டத்தின் அடையாளமும் ஆள் எண்ணும் குத்திய தகர வில்லையைக் கழுத்தில் கட்டித்தான் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். போன பிறகு 'துண்டு'. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அடைத்துவிட்டுக் கூட்டிப் போகலாம் என்று தோட்டம் எழுதித் தரும் சீட்டு. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், நீலகிரித் தேயிலை, கடைசியில் திருப்பூர் பனியன் கம்பெனி என்று வந்து சேர்ந்தோம். அந்த வில்லை மட்டும் எங்கள் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது.

வில்லையைப் பற்றிச் சொன்னதும் வியாபாரிக்குக் கண் விரிந்தது. சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். மூன்று மாச வீட்டு வாடகை அளவுக்குத் தொகை சொன்னார். தம்பி உடனே, "குடுத்துரலாம்ணா" என்றான். அவனுக்கு ஓவர்லாக் மெஷின் தவணை இருக்கிறது.

விற்கலாமா? பசிக்கு நகையை விற்கிறோம், நிலத்தை விற்கிறோம். இதை விற்றால் மட்டும் என்ன குற்றம்? புத்தகக் கையெழுத்து ஒருவர் விரும்பி இன்னொருவருக்குக் கொடுத்தது. தகரத்தில் இருப்பதோ கேட்காமல் கழுத்தில் மாட்டியது. ஒன்று அன்பின் அடையாளம், இன்னொன்று மாட்டுக்குப் போடுகிற சூடு மாதிரி. சேகரிப்பவரின் கண்ணாடி அலமாரியில் இரண்டும் ஒரே தட்டில் உட்காரும். அதுதான் என்னை உறுத்தியது. சாட்சியை விற்கக் கூடாது, நாளைக்கு எவனாவது 'அப்படியெல்லாம் நடக்கலை' என்றால் எதைக் காட்டுவது என்று வீட்டில் வாதாடினேன். தோழர்களிடமும் அதையே சொன்னேன், தலையாட்டினார்கள்.

அம்மா ஆட்டவில்லை.

"அந்தத் தகரத்துல எங்க தாத்தா பேரு இருக்கா ராசா?"

"இல்லம்மா. நம்பர்தான்."

"அப்ப அது தொர எழுதுனது. தொர எழுதுனத நீ காப்பாத்துற. அம்மாயி சொன்னத ஒருநாளாச்சும் எழுதுனியா?"

எனக்குப் பதில் வரவில்லை. கூட்டம் கூட்டமாகப் போய் வரலாறு பேசியிருக்கிறேன். அம்மாயி உயிரோடு இருந்தபோது லயத்துக் கதை சொல்ல ஆரம்பித்தால், "அப்புறம் கேக்குறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவனும் நான்தான். அந்த மலாயாக் குடும்பத்துக்குப் புத்தகம் வாய்த்ததற்குச் சாதியும் படிப்பும் காரணமென்று சொல்வது சுலபம். பொய்யுமில்லை. ஆனால் என் கையில் பேனா வந்து இருபது வருஷமாகிறதே. அந்தக் கணக்கை எந்தச் சாதியின் தலையில் போடுவது?

அம்மா சொன்னதை முழுசாக ஏற்கவும் முடியவில்லை. தொரை எழுதினாலும் அது எங்கள் ஆளின் கழுத்து வியர்வை பட்ட தகரம். வியாபாரி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், இன்னும் பதில் சொல்லவில்லை. தம்பி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் அம்மா சொல்லச் சொல்லப் பீஸ் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். முதலில் பெயர்கள். பதினோரு பேர் வந்திருக்கிறார்கள். கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்து செத்த சின்ன அம்மாயியின் பெயர் மட்டும் அம்மாவுக்கு நினைவில் வரவில்லை. குன்னூரில் ஒரு சித்தி இருக்கிறாள். கேட்க வேண்டும்.