திரும்பி வருதல்

மேல்படிப்புக்கு உதவி வாங்கிப் போனவனைப் பற்றி, "படிச்சு ஊருக்கு என்ன செஞ்சான்?" என்று கேட்பது கொங்குப் பக்கத்தில் சகஜம். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கிற தொனியில் வட்டிக்கடைக்காரனின் குரல் எனக்குக் கேட்கிறது.

ஜானகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். தலச்சேரியில் 1897-ல் பிறந்தவர். ஆசியப் பெண்களுக்கென்று லீவை பார்பர் என்பவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்திய உதவித்தொகையில் படித்து, 1931-ல் தாவரவியலில் டாக்டரானார். படித்தவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் நாட்டுக்குப் பயன்பட வேண்டும் என்பது கொடுத்தவரின் எண்ணம். திரும்பினார். 1934-லிருந்து கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. கரும்பை மக்காச்சோளத்தோடு கூடக் கலந்து பார்த்தார். 1939-ல் இங்கிலாந்து போனவர் பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் அங்கே பிறந்தது. அந்த வருஷம் பேரேட்டை மூடியிருந்தால் இந்தியாவுக்கு நஷ்டம் என்றுதான் எழுதியிருப்பார்கள். நேரு அழைத்து 1950-களில் அவர் திரும்பியதும், 1984-ல் சாகும்வரை இங்கேயே உழைத்ததும் அந்தப் பேரேட்டில் வராது.

கோயமுத்தூரில் அவருடைய ஜாதியும், பெண்ணாக இருந்ததும் இடைஞ்சலாயின என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். கடன்பட்டவள் அவள் மட்டும்தானா? திரும்பி வந்தவளுக்கு உட்கார இடம் தராத ஊர், எந்த உரிமையில் வசூலுக்குப் போகிறது?

கரும்புக்கு இந்த விசாரணை கிடையாது. இங்கே ஒட்டுச் சேர்த்த விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், அங்கே பொறுக்கி எடுக்கப்பட்டு, என்.கோ. 310 என்ற பெயரில் பல நாடுகளில் விளைந்தது. விதையிடம் யாரும் பத்திரம் எழுதி வாங்கவில்லை. (மனுஷி விதையில்லை என்பீர்கள். சரி, அவளுக்குப் போக்கிடத்தைத் தானே தீர்மானிக்கும் புத்தி கூடுதலாகவே இருக்கிறது.)

இந்தியா பல வருஷங்கள் ஆப்கானிய மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது, நாளை அவர்கள் நாட்டைக் கட்டுவார்கள் என்று. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போயிற்று. 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவையே சாத்தினார்கள். இந்தியாவில் எம்.எஸ்ஸி. முடித்த ஆப்கானியப் பெண் இன்று எங்கே திரும்புவது? அவளுக்குக் கொடுத்த பணம் வீண் என்று சொல்ல நான் தயாரில்லை. ஜானகி அம்மாள் விஷயத்தில் பதில் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. இவள் விஷயத்தில் இன்னும் கூடுதலாகலாம். அதுவரை அவளிடம் கணக்குக் கேட்காமலிருப்பதும் கொடுத்தவன் கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதி.