படகுத்துறையும் படமும்

தாம்பரத்து நண்பர் ஒருவர், ஒரு காலத்தில் விறகும் உப்பும் வந்திறங்கிய மயிலாப்பூர்ப் படகுத்துறைப் பக்கம் போய்ப் பக்கிங்ஹாம் கால்வாயைப் படம் பிடித்து வந்தார். ரயில் தூண்களும் சாக்கடையும் விழாதபடி கோணம் பார்த்து எடுத்த படம். அழகுதான். ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதியை வெட்டியவர்கள், 1877-78 பஞ்சத்தில் வயிற்றுப்பாட்டுக்கு மண் சுமந்த ஜனங்கள். கால்வாய்க்குக் கிடைத்ததோ கவர்னரின் பெயர்!

அதே பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாயிருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். எடுத்தவர் அவர்களுக்கு என்ன உதவி செய்தார் என்று கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டியதுதான். மனிதர் என்ற முறையில் என் நண்பர் எவ்வளவோ மேல். ஆனால் உண்மை ஹூப்பரின் படத்தில்தான் இருக்கிறது.

"பசியை நான் எப்படி ஸார் படம் பிடிப்பது?" என்றார் நண்பர்.

"பின்புறத்தில் அந்த வருஷத்தையாவது எழுதி வையுங்கள்" என்றேன். பென்சில் கேட்டார்.