சிறை தந்த தவ்பா

அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனின் ஆலோசகராயிருந்தவர் சார்லஸ் கோல்சன். வாட்டர்கேட் விவகாரம் முற்றிய 1973ஆம் ஆண்டில் அவர் கிறிஸ்தவ பக்திக்குத் திரும்பியதாகச் சொன்னபோது பலரும் நகைத்தனர். தண்டனைக்குப் பயந்த பக்தியாம்!

நாமும் அப்படித்தானே சொல்லியிருப்போம்? மூழ்கும்போது ஃபிர்அவ்ன் மொழிந்த ஈமான் ஏற்கப்படவில்லையே என்று ஆதாரமும் காட்டியிருப்போம். ஆனால் ஃபிர்அவ்னுக்குத் தீர்ப்பளித்தவன் அல்லாஹ், நாமல்ல. போர்க்களத்தில் வாளுக்கு முன் கலிமா சொன்னவனைக் கொன்றுவிட்ட உஸாமா (ரலி) அவர்களிடம், அவனது உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்றல்லவா நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள்!

கோல்சன் 1974இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏழு மாதம் சிறையிலிருந்தார். வெறும் பயமென்றால் 1975இல் வெளிவந்ததுமே அது தீர்ந்திருக்கும். அவரோ 1976இல் கைதிகளுக்கென ஓர் ஊழிய அமைப்பைத் தொடங்கினார். 2012இல் இறக்கும்வரை அதைக் கைவிடவில்லை. 1993இல் கிடைத்த டெம்பிள்டன் பரிசுப் பணத்தையும் அதற்கே கொடுத்தார். அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடல்ல. அது வேறு பேச்சு.

நம் மஹல்லாவிலும் சிறை மீண்ட சகோதரர் ஒருவர் தொழுகையின் முதல் ஸஃப்பில் வந்து நிற்பதுண்டு. ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது அவர் முகத்தைக் காணுமுன் அவருடைய வழக்குதான் நம் நினைவுக்கு வருகிறது.