இரண்டாம் டிங்கியும் முன்வினையும்

சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் பிள்ளைக்கு டிங்கி முற்றிவிட்டால், பார்க்க வருகிறவர்கள் "எல்லாம் முன்வினை" என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு. ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். பெற்றவள் மேல் அது பழியாக விழுகிறது. மலேசியாவிலேயே டிங்கி மிகுதியாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர் என்பதால் இந்தப் பேச்சை அலட்சியப்படுத்த முடியாது. துன்பத்தைக் கண்டதும் அதன் பின்னால் ஒரு பாவத்தை ஊகிக்க நமக்கு உரிமை உண்டா? இல்லை என்பதே என் முடிவு. அதற்கான சான்று நம் வெள்ளணுக்களின் மேற்பரப்பிலேயே இருக்கிறது.

கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் இரு கைகள் கிருமியைப் பிடிக்கும். அதன் அடிக்காம்பு, விழுங்கணு என்ற வெள்ளணுவின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தும். பொருந்தியதும் அணு கிருமியை உள்ளே இழுத்துச் செரித்துவிடும். டிங்கி வைரஸிலோ நான்கு வகை. ஒன்று வந்து போனபின் வேறொன்று தொற்றினால், பழைய எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. ஏற்பிக்கு அந்த வேறுபாடு தெரியாது. வழக்கம்போல் உள்ளே இழுக்கிறது. டிங்கி பெருகும் இடமே அந்த அணுதான். 1960களில் பாங்காக்கில் ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட் குழுவினர் ஆராய்ந்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது இரண்டாம் தொற்று. முதல் தொற்றிலேயே முற்றியவர்கள் பெரும்பாலும் ஒரு வயது நிறையாத கைக்குழந்தைகள். அவர்களுடைய தாய்மாருக்கு முன்பே டிங்கி வந்திருந்தது. நஞ்சுக்கொடியில் உள்ள இன்னொரு ஏற்பி தாயின் எதிர்ப்பொருளைப் பிள்ளைக்குக் கடத்துகிறது. முதல் சில மாதம் அது காவல். பிறகு அளவு குறைந்து அரைகுறையாக நிற்கும்போது அதுவே வைரஸுக்கு வழிவிடுகிறது.

"பழைய தொடர்பு உள்ளே கிடந்து பின்னால் பலன் தருகிறதே, சேர்ந்து கிடக்கும் வினையான சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தமாவது இதுதானே?" என்று ஒரு சைவர் கேட்கலாம். வலுவான கேள்வி. காரணத்தொடர் உண்டு என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் இங்கே உள்ளே கிடப்பது குற்றமன்று, உடல் சரியாகச் செய்த வேலையின் மிச்சம். பிள்ளை எதுவும் செய்யவில்லை. தாய் கொடுத்ததோ காவல். மேலும் வினை சடம், அதை உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது சைவ சித்தாந்தம். கணக்கு அவனிடம் என்றால் அக்கம்பக்கத்தார் அதை வாசிப்பது எப்படி? அப்படியானால் படைப்பே பிழையா என்றால், அதுவும் இல்லை. இந்த ஏற்பிகள் இல்லாவிட்டால் பாக்டீரியாவை எதிர்க்கும் வலுவும் நமக்குக் குறைந்துபோகும். அம்மை கண்ட உடலில் மாரியம்மனே இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலையும் மரியாதையுமாகப் பார்த்துக்கொண்டவர்கள் நம் முன்னோர். அந்த மரியாதை டிங்கி வீட்டுக்கும் வேண்டும். கைக்குழந்தைக்கோ, முன்பு டிங்கி வந்தவருக்கோ காய்ச்சல் கண்டால் வினைப்பேச்சை விட்டு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தான வேளை. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.